நாற்பது ரூபாய்க்கு ஒரு சண்டை

எங்கள் வீட்டில் சண்டை போட இடமில்லை.
ஒற்றை அறை, ஐந்து பேர்,
மறைப்புக்கு ஒரு பீரோ.
எங்கள் குரல் உயர்ந்தால்
மாமனார் டிவியின் சத்தத்தைக் குறைப்பார்,
கேட்பதற்கு வசதியாக.

அதனால் ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு
வேளச்சேரியில் ரயில் ஏறுகிறோம்,
நானும் சற்குணனும்.
பீச் ஸ்டேஷன் வரை ஆளுக்குப் பத்து, திரும்பிவரப் பத்து.
இந்த ஊரில் இதைவிட மலிவாக
ஒன்றரை மணி நேரம் தனியாக இருக்க
எனக்கு வேறு இடம் தெரியாது.
வலப்பக்க ஜன்னல் எனக்கு.
அதில் மட்டும் என்றைக்கும் தகராறு வந்ததில்லை.

பெருங்குடி தாண்டும்வரை வாயைத் திறக்கவில்லை.
சதுப்பில் நிற்கும் வெள்ளைப் பறவைகளை
எண்ணுவதுபோல் ஒரு பாவனை.
தரமணியில் நான்தான் ஆரம்பித்தேன்.

"என் தோட எங்க வச்ச?"
"பீரோலதான்."
"அந்த வச்சதக் கேக்கல. இந்த வச்சதக் கேக்கறேன்."

தமிழில் ஒரே சொல்தான்,
அலமாரிக்கும் அடகுக் கடைக்கும்.
அவன் தலை குனிந்தபோது
எந்த வைத்தது என்று தெரிந்துவிட்டது.

தம்பியின் வண்டித் தவணை இரண்டு மாதம் நின்றுபோனதை
இந்திரா நகரில் சொன்னான்.
கஸ்தூரிபா நகரில் நான் கல்யாணத்திலிருந்து தொடங்கினேன்.
கோட்டூர்புரம் வருவதற்குள் அவன் அம்மாவையும் இழுத்தாயிற்று.
அடையாற்றுப் பாலத்தில் ரயில் இரைந்த இரைச்சலில்
ஒரு வார்த்தை சொன்னேன்,
தரையில் சொல்ல முடியாத வார்த்தை.
அவனுக்குக் கேட்டிருக்காது.
கேட்டிருக்கலாம்.

எங்களுக்கு நடுவே ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டிருந்தோம்.
திருமயிலையில் ஏறிய ஒருத்தி
முருங்கைக்காய் துருத்தும் பையோடு வந்து
அதில் உட்கார்ந்தாள்.
இரண்டு பக்கமும் பார்த்தாள்.
"தெரிஞ்சவங்களா?" என்றாள்.
நான் ஆமாம் என்றேன், அவன் இல்லை என்றான்,
இரண்டும் ஒரே நேரத்தில்.
அவள் முருங்கைக்காயைத் தன் பக்கமாகச் சாய்த்துக்கொண்டாள்.

கலங்கரை விளக்கம் ஸ்டேஷன் தாண்டியதும் கடல் வந்தது.
மொத்தமாக இல்லை.
மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்கும் செல்போன் கோபுரத்துக்கும் நடுவே
முழம் அளவுக்கு.
பிறகு ஒரு சுவர், ஒரு சுவர், காயப்போட்ட போர்வை,
பிறகு இன்னொரு முழம்.
கடலும் தவணையில்தான் வருகிறது எங்களுக்கு.
ஒரு தவணையில் கப்பல் ஒன்று இருந்தது,
அடுத்ததில் இல்லை.

"கப்பல்" என்றான் சற்குணன்.
"பாத்தேன்" என்றேன்.
சண்டைக்கு நடுவே பேசியதாகக் கணக்கில் வராத
இரண்டு சொற்கள்.

திருவல்லிக்கேணியில் முருங்கைக்காய் இறங்கிவிட்டது.
அந்த இடம் அப்படியே கிடந்தது.
சேப்பாக்கம் ஸ்டேடியத்தின் விளக்குக் கம்பங்கள்
பகலில் எதற்கென்று தெரியாமல் நின்றன.
சிந்தாதிரிப்பேட்டையில் கூவம், வழக்கம்போல்.
நான் முந்தானையால் மூக்கை மூடினேன்,
அழுததை அதற்குள் துடைத்துக்கொண்டேன்.

பீச் ஸ்டேஷன் என்று பெயர், பீச் கிடையாது.
தண்டவாளம், துறைமுகத்தின் மதில்,
டீ பன்னிரண்டு ரூபாய்.
ஒன்று வாங்கி இரண்டாக ஊற்றினோம்.
அவன் பர்ஸிலிருந்து டிக்கெட்டை எடுக்கும்போது
மடித்த ரசீதும் கூடவே வந்தது.
சேட்டுக் கடை முத்திரை, பதினெட்டாயிரம்.
எடுத்து என் கையில் கொடுத்தான்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
மன்னித்தேன் என்று யாரும் எழுதிவிட வேண்டாம்.
காது இப்போதும் வெறுங்காதுதான்,
துளையில் வேப்பங்குச்சி.

வட்டி எவ்வளவு என்று கேட்க வேண்டும்.
கேட்பேன், மந்தைவெளி தாண்டியபின்.
அதற்கு முன்னால் கடல் வரும்.
திரும்பும்போது அது இடப்பக்கம்.
ரயில் வந்தது.
ஒருவரை ஒருவர் பார்க்காமலே
இடப்பக்கமாகப் போய் உட்கார்ந்தோம்.
அதை மட்டும் இரண்டு பேரும்
நினைவில் வைத்திருந்தோம்.